சுட்டு வீழ்த்தியதும் கீழேதான் விழும்

தீபாவளி ராத்திரியில் ராக்கெட் வாணம் மேலே போய் வெடிப்பதை எல்லோரும் அண்ணாந்து பார்ப்பார்கள். கூரை வீட்டுக்காரர் மட்டும் குச்சி எங்கே விழுகிறது என்று பார்ப்பார். விருதுநகர் மாவட்டத்தின் காரியாபட்டிப் பக்கத்திலிருந்து வளைகுடாவுக்கோ இஸ்ரேலுக்கோ பிள்ளைகளை வேலைக்கு அனுப்பியிருக்கும் குடும்பங்களுக்கு இன்று தேவை அந்தக் கூரை வீட்டுக்காரரின் கண்.

போர்ச் செய்தி வரும்போதெல்லாம், "அங்கே எல்லாத்தையும் வானத்துலயே சுட்டுடுவாங்களாம்" என்று ஓர் ஆறுதல் ஊரில் பேசப்படுகிறது. அது பாதிதான் உண்மை.

சுட்டு வீழ்த்தும் துப்பாக்கி என்ன செய்கிறது?

வருகிற ராக்கெட்டையும் மோட்டார் குண்டையும் முதலில் ராடார் பிடிக்கிறது. அது எங்கே விழும் என்று கணினி கணக்குப் போடுகிறது. ஆள் இருக்கும் இடம் என்றால் சங்கு ஊதுகிறது, பீரங்கி சுடுகிறது. அமெரிக்கா 2005இல் ஈராக்கில் நிறுத்திய 'சென்சூரியன்', கப்பல்களைக் காக்கும் 20 மி.மீ. துப்பாக்கியைத் தரைக்குக் கொண்டுவந்த வடிவம். நிமிடத்துக்கு 4,500 ரவை வரை சுடும். அந்த வேகத்தில் ஓர் ஆயிரம் வாலா சரவெடி 14 வினாடிக்குள் முடிந்துவிடும். இலக்கில் படாத ரவைகள் ஊருக்குள் விழுந்து ஆளைக் கொல்லாமல் இருக்க, வானத்திலேயே தானாக வெடிக்கும்படி செய்திருக்கிறார்கள். ஜெர்மனியின் 'மான்டிஸ்' பீரங்கியின் 35 மி.மீ. குண்டு, இலக்குக்கு முன்னால் வெடித்து டங்ஸ்டன் துண்டுகளை வழியெங்கும் விசிறும். நம் ராணுவத்தின் 40 மி.மீ. எல்-70 பீரங்கிகளும் 2025 மே மாத மோதலில் பாகிஸ்தானின் டிரோன்களைச் சுட்டு வீழ்த்தின.

எங்கே ஓட்டை?

இந்தத் துப்பாக்கி காப்பது தன்னைச் சுற்றியுள்ள சிறு வட்டத்தை. பெரும்பாலும் அது ராணுவ முகாமாகவோ தூதரகமாகவோ இருக்கும். தொழிலாளர் விடுதி அந்த வட்டத்துக்குள் வர வேண்டும் என்பதில்லை.

அடுத்தது நேரம். காஸா எல்லையோர இஸ்ரேலிய ஊர்களில் சங்கு ஊதியபின் கிடைப்பது சுமார் 15 வினாடி. 2021 மே 11 அன்று அஷ்கெலோன் நகரில், மூதாட்டி ஒருவரைக் கவனித்துவந்த இடுக்கி மாவட்டப் பெண் ராக்கெட் விழுந்து இறந்தார். 'அயர்ன் டோம்' ஏவுகணைக் காவல் உள்ள நாடுதான் அது. ஆனால் அவர் வேலை பார்த்த வீட்டில் பதுங்கு அறை இல்லை.

மூன்றாவது, சிதறல். 2022 ஜனவரி 24 அன்று அபுதாபியை நோக்கி வந்த இரண்டு ஏவுகணைகளை வானிலேயே அழித்தார்கள். துண்டுகள் வெவ்வேறு இடங்களில் விழுந்தன. அதற்கு ஒரு வாரம் முன்பு, 17ஆம் தேதி, முசாஃபா பகுதியில் நடந்த நேரடித் தாக்குதலில் இறந்த மூவரில் இருவர் இந்தியர்கள்.

"மருந்து நமக்குப் பழக்கம்"

நம் மாவட்டத்துக்காரர்களுக்கென்றே ஓர் ஆபத்து உண்டு. பட்டாசுத் தொழிலில் வெடியுப்பும் கந்தகமும் அலுமினியத் தூளும் கையில் புழங்கிய பழக்கத்தில், விழுந்து கிடக்கும் துண்டை எடுத்துப் பார்க்கத் தோன்றும். 2024 மே 1 அன்று காரியாபட்டி அருகே ஆவியூர்ப் பகுதிக் கல்குவாரியின் வெடிமருந்துக் கிடங்கு வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்ததை நாம் மறக்கவில்லை. பழகின மருந்தே அப்படி. சுடப்பட்டும் வெடிக்காத ராணுவக் குண்டு இன்னும் மோசம். அதன் விசை ஏற்கெனவே விடுபட்டிருக்கலாம், லேசாகப் புரட்டினால் போதும். தொடாதீர்கள். விலகிப் போய் போலீசுக்குச் சொல்லுங்கள். படம் எடுத்துப் பரப்பவும் வேண்டாம். ஐக்கிய அமீரகத்தில் அது வழக்காகும்.

போகுமுன், போனபின்

மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பதிவான முகவரிடம் மட்டும் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள். குடிபெயர்வு அனுமதி பெற்று வேலைக்குப் போகும் தொழிலாளர்களுக்குப் 'பிரவாசி பாரதிய பீமா யோஜனா' காப்பீடு கட்டாயம். விபத்தில் இறந்தாலோ நிரந்தர ஊனம் ஏற்பட்டாலோ 10 லட்சம் ரூபாய். அந்தப் பாலிசி, வேலை ஒப்பந்தம், விசா மூன்றின் நகலும் வீட்டில் இருக்க வேண்டும்.

போய் இறங்கியதும் இந்தியத் தூதரகத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள். பதுங்கு அறை எங்கே, எச்சரிக்கை எந்த மொழியில் வரும் என்று முதலாளியிடம் கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது. சங்கு ஊதினால் மாடிக்கு ஓடி வேடிக்கை பார்க்கக் கூடாது. ஜன்னல் இல்லாத உள் அறைக்குள் போக வேண்டும். வெட்டவெளியில் மாட்டிக்கொண்டால் குப்புறப் படுத்துத் தலையைக் கைகளால் மூடிக்கொள்ள வேண்டும். வெடிச்சத்தம் கேட்ட உடனே எழக் கூடாது, சிதறல் அதற்குப் பிறகுதான் இறங்கும்.

அடிபட்டாலோ உயிர் போனாலோ தூதரகம், வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' இணையதளம், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத்துறை ஆணையரகம், விருதுநகர் ஆட்சியர் அலுவலகம் ஆகிய நான்கு வழியிலும் மனுக் கொடுங்கள். வசதியற்ற குடும்பத்துக்கு உடலைக் கொண்டுவரும் செலவைத் தூதரகத்தின் சமூக நல நிதியிலிருந்து கேட்கலாம். இஸ்ரேலில் சட்டப்படி வேலை பார்ப்பவர் தாக்குதலில் பாதிக்கப்பட்டால், அந்நாட்டுத் தேசியக் காப்பீட்டு நிறுவனத்தின் இழப்பீட்டுக்கு அவரும் உரியவர்தான்.

அடுத்த முறை போன் வரும்போது "சாப்பிட்டியா?" என்று கேட்ட கையோடு இதையும் கேளுங்கள்: "சங்கு ஊதுனா எங்கப்பா ஓடுவ?" பதில் சொல்லத் தயங்கினால், அன்றைக்கே போய் இடத்தைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.