அளவுக்கேற்ற எழுத்து

ஈய அச்சுக் காலத்தில் 5 பாயிண்ட் எழுத்தும் 12 பாயிண்ட் எழுத்தும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவையாயினும், ஒவ்வோர் அளவும் எஃகில் தனித்தனியே செதுக்கப்பட்டமையால், ஒன்று மற்றொன்றின் வெறும் சுருக்கமாக அமைந்ததில்லை. அடிக்குறிப்புக்குரிய சிற்றெழுத்தில் மெல்லிய கோடுகள் சற்றே தடித்தும், உடல் அகன்றும், இடைவெளி விரிந்தும் இருந்தால்தான் மை பரவும் தாளில் அது கண்ணுக்குத் தெளிவாகப் படும். தலைப்பெழுத்துக்கோ அந்தத் தடிப்பு அழகைக் கெடுக்கும். ஒரே வரைவை வேண்டியபடி பெருக்கியும் சுருக்கியும் பயன்படுத்தும் பிற்கால வழக்கத்தில் இந்நுட்பம் பெரும்பாலும் கைவிடப்பட்டது.

அதனை எண்களாக எழுதிவைக்க முடியும் என்று காட்டியவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் கனூத். தமது நூலின் இரண்டாம் தொகுதியினுடைய புதிய பதிப்புக்கு வந்த மெய்ப்புத்தாள்களின் தோற்றம் மனநிறைவு தராததால், 1977இல் அவர் அச்சுக்கோப்புக்கான டெக் என்னும் நிரலையும், எழுத்துருவாக்கத்திற்கான மெட்டாஃபான்டையும் உருவாக்கத் தொடங்கினார். மெட்டாஃபான்டில் எழுத்து என்பது படமன்று. கற்பனைப் பேனா ஒன்று எந்தெந்தப் புள்ளிகள் வழியே செல்லவேண்டும் என்று சமன்பாடுகளால் சொல்லும் செய்முறை. தண்டின் தடிமன், சிறிய எழுத்துகளின் உயரம் போன்றவற்றை அச்செய்முறை தானே முடிவுசெய்வதில்லை. அவை அளவுருக்கள் எனப்படும் மாறிகளாக விடப்பட்டு, அவற்றின் மதிப்புகள் அளவுருக் கோப்பு என்னும் தனிக் கோப்பில் தரப்படுகின்றன. கனூத்தின் கம்ப்யூட்டர் மாடர்ன் எழுத்துருக் குடும்பத்தில் இத்தகைய அளவுருக்கள் 62.

அவற்றுள் அகலத்தை ஆளும் அடிப்படை அலகு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே கனூத்தின் கருத்து விளங்கிவிடும். சாதாரண நேரெழுத்தில் அதன் மதிப்பு 10 பாயிண்டுக்கு 20/36 பாயிண்ட். வெறுமனே பாதியாகச் சுருக்கினால் 5 பாயிண்டுக்கு 10/36 வரவேண்டும், ஆனால் கோப்பில் இருப்பது 12.5/36. மேல்நோக்கிச் சென்றால் 12 பாயிண்டுக்கு 24/36 அன்று, 23.5/36 மட்டுமே. சிற்றெழுத்து அகல்கிறது, பேரெழுத்து ஒடுங்குகிறது. செதுக்குநர் கைப்பழக்கமாக அறிந்திருந்தது இங்கே பின்னமாகிவிட்டது.

இந்த நேரெழுத்துக்கு 5 முதல் 10 வரையிலும், பின்னர் 12, 17 ஆகியவற்றுக்கும் கோப்புகள் எழுதப்பட்டன; 11 இல்லை. அதனால் டெக்கின் மேல் அமைந்த லேடெக் நிரலில் 11 பாயிண்ட் கேட்பவருக்கு 10 பாயிண்ட் எழுத்தே 10.95ஆகப் பெருக்கித் தரப்படுவது வழக்கமாயிற்று. ஜான் சாட்டர் என்பவர் 1986இல் டெக் பயனர் குழுவின் இதழில் இதற்கு மாற்றுவழி கூறினார்: ஒவ்வோர் அளவுருவையும் நிலையான எண்ணாக வைக்காமல் எழுத்தின் அளவைச் சார்ந்த சூத்திரமாக எழுதிவிட்டால், தெரிந்த மதிப்புகளுக்கு இடைப்பட்டவை கணக்கில் தாமே கிடைக்கும். பெருக்கும் முறையில் 11 பாயிண்டுக்கு மேற்சொன்ன அலகு 22/36 ஆகும். 10க்கும் 12க்கும் நடுவே நேர்கோடு இழுத்துக் கணித்தாலோ 21.75/36. வேறுபாடு அற்பமே என்றாலும், 62 அளவுருக்களும் இப்படி நகரும்போது பக்கத்தின் நிறம், அதாவது எழுத்துகளின் ஒட்டுமொத்தக் கருமை, மாறுகிறது. பின்னாளில் டெக் தொகுப்புகளில், எழுத்துருவின் பெயரில் உள்ள எண்ணிலிருந்து அளவை அறிந்து, அளவுருக் கோப்பைத் தானே எழுதி, அச்சுப்பொறிக்கு வேண்டிய புள்ளிப்படங்களை அப்போதைக்கப்போது உருவாக்கும் ஏற்பாடும் சேர்ந்தது.

இதன் வரம்பும் தெளிவானதே. தெரிந்த இரண்டு அளவுகளுக்கு நடுவே சூத்திரத்தை நம்பலாம். 17 பாயிண்டைக் கடந்து வெகுதூரம் சென்றால், எந்த மனிதக் கண்ணும் சரிபார்க்காத வடிவத்தையே அது தரும். மேலும், எழுத்தை வரையும் கலைஞர்கள் சமன்பாடு எழுத முன்வராததாலும், எந்த அளவுக்கும் நீட்டத்தக்க வெளிக்கோட்டு எழுத்துருக்கள் பரவியதாலும், மெட்டாஃபான்ட் பெரும்பாலும் டெக் வட்டத்துக்குள்ளேயே நின்றுவிட்டது. கருத்து மட்டும் அழியவில்லை: 2016இல் அடோபி, ஆப்பிள், கூகுள், மைக்ரோசாஃப்ட் ஆகியவை கூட்டாக அறிவித்த மாறும் எழுத்துருக்களில், எழுத்தின் அளவுக்கேற்ப வடிவத்தை மாற்றும் அளவுரு ஒன்றும் இடம்பெற்றது.

தமிழுக்கு இவ்வசதி ஆங்கிலத்தைவிடக் கூடுதலாகவே வேண்டும். ஏனெனில் ணகரத்தையும் னகரத்தையும் பிரித்துக்காட்டுவது ஒரு சுழியே, சிற்றெழுத்தில் சுழிகள் அடைபட்டால் வாசகர் ஊகித்தே படிக்கவேண்டியிருக்கும். தமிழ் எழுத்துரு வரைவோர் அடிக்குறிப்பு அளவுக்கென்று ஒரு தனி வரைவையேனும் சேர்த்துத் தருவார்களாக.