உடனே இறங்குவதா, உட்கார்ந்து கற்பதா? தேனிக்காரர்கள் செய்ததைப் பாருங்கள்!

புதுசாக வந்த பையனை உடனே முன்னால் நிறுத்துவதா, சில வருஷம் ஓரமாக உட்காரவைத்துப் பழக்குவதா? அமெரிக்கக் கால்பந்து ரசிகர்கள், பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் வருஷா வருஷம் இதற்காக மல்லுக்கட்டுகிறார்கள். நம்ம தேனி, கம்பம் பள்ளத்தாக்குக்காரர்கள் இரண்டையும் எப்போதோ செய்து காட்டிவிட்டார்கள். அதுவும் சினிமாவில்!

பண்ணைப்புரத்து இளையராஜா 'அன்னக்கிளி'யில் திடீரென்று முளைத்தவர் என்றா நினைத்தீர்கள்? அதற்கு முன்பே ஜி.கே.வெங்கடேஷின் உதவியாளராகச் சுமார் 200 படங்களில் வேலை பார்த்து முடித்திருந்தார்!

அதற்கும் முன்னால்? அண்ணன் பாவலர் வரதராஜனின் குழுவோடு ஊர் ஊராகக் கச்சேரி. குழுவில் சேரும்போது வயது 14!

1968-ல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படிக்கத் தொடங்கினார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிடார் தேர்வில் தங்கப் பதக்கம்! 'அன்னக்கிளி' வந்தது 1976-ல். கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டு வருஷம்!

அல்லிநகரத்துச் சின்னசாமியைத் தெரியுமா? பாரதிராஜா என்றால் தெரியும்! கன்னடத்து புட்டண்ணா கனகால் உள்படப் பல இயக்குநர்களிடம் உதவியாளராக இருந்தவர். 1977-ல் '16 வயதினிலே' வெளியானபோது முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டார்!

அந்தப் படத்தில் மயிலாக நடித்தவருக்கு வயது 16 இல்லை. படம் வெளியான அன்று ஸ்ரீதேவிக்கு 14தான்! அதற்குள் சினிமாவில் எட்டு வருஷ அனுபவம் வேறு. 1969-லேயே 'துணைவன்' படத்தில் குழந்தை முருகனாக வந்தவர் அவர்!

இனிமேல்தான் என்னை அசரடித்த விஷயம். இத்தனை வருஷம் காத்துக்கிடந்த பாரதிராஜா, தன்னிடம் வந்த புதுமுகங்களைக் காக்க வைத்தாரா? இல்லவே இல்லை! நேரே கேமரா முன்னால் நிறுத்திவிட்டார்!

1978, 'கிழக்கே போகும் ரயில்'. நாயகி ராதிகாவுக்கு அதுதான் முதல் படம். ரிலீஸ் அன்று அவருக்கு 16 வயது நிரம்பவில்லை!

1981, 'அலைகள் ஓய்வதில்லை'. ஹீரோ கார்த்திக் புதுசு. ஹீரோயின் ராதா புதுசு. படம் ஓடிய ஓட்டம் ஊருக்கே தெரியும்!

1983, 'மண்வாசனை'. மதுரை மீனாட்சியம்மன் கோயில் பக்கத்தில் வளையல் விற்றுக்கொண்டிருந்த பாண்டியன்தான் ஹீரோ! கூடவே இன்னொரு புதுமுகம். பெயர் ரேவதி!

1980-ல் வந்த 'நிழல்கள்' ஓடவில்லை. ஆனால் அதில் அறிமுகமானவர்களைப் பாருங்கள். கதை, வசனம் மணிவண்ணன். நடிப்பு ரவி, படப்பெயரே இவருக்கு அடைமொழி ஆகிவிட்டது. பாட்டு எழுதியவர்களில் ஒருவர் நம்ம வடுகபட்டி வைரமுத்து! ஓடாத ஒரு படம் தமிழ் சினிமாவுக்கு இவ்வளவு பேரைக் கொடுத்திருக்கிறது. வேறு எந்தப் படத்துக்கு இந்தப் பெருமை உண்டு, சொல்லுங்கள்!

வைரமுத்து வெறுங்கையோடு வரவில்லை. முதல் கவிதைத் தொகுப்பு 'வைகறை மேகங்கள்' வெளிவந்தது 1972-ல், 19 வயதில்! 'நிழல்கள்' வந்து ஐந்தே வருஷத்தில் 'முதல் மரியாதை'க்காகத் தேசிய விருது. இதுவரை மொத்தம் 7!

பாரதிராஜாவிடம் உதவியாளராக இருந்தார் பாக்யராஜ். 1979-ல் குருவின் 'புதிய வார்ப்புகள்' படத்தில் ஹீரோ. அதே 1979-ல் 'சுவர் இல்லாத சித்திரங்கள்' இயக்குநர்! உட்கார்ந்தும் கற்றார், எழுந்ததும் ஓடினார். எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்!

கொஞ்சம் அமெரிக்காவுக்குப் போவோம். குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸ் 2017-ல் முதல் சீசன் கிட்டத்தட்ட முழுக்க உட்கார்ந்தே இருந்தார். ஆடியது ஒரே ஆட்டம். அடுத்த சீசனில் 50 டச்டவுன் பாஸ், சிறந்த வீரர் விருது!

இன்னொரு குவார்ட்டர்பேக் பேட்டன் மேனிங்கை 1998-ல் வந்த உடனே இறக்கிவிட்டார்கள். முதல் சீசனில் எதிரணி கையில் போய் விழுந்த அவருடைய பாஸ்கள் 28! அப்புறம் அவர் வாங்கிய சிறந்த வீரர் விருதுகள் 5!

தேனிக்கே திரும்புவோம். விஜய் சேதுபதி வருஷக்கணக்காகக் கூட்டத்தில் ஒருவராக, நண்பர்களில் ஒருவராக வந்துபோனவர். முதன்முதலாக ஹீரோ ஆனது தேனி மண்ணில் நடக்கும் 'தென்மேற்குப் பருவக்காற்று' படத்தில், 2010-ல். அந்தச் சின்னப் படத்துக்குத் தேசிய விருதுகள் எத்தனை? மூன்று!

இயக்குநர் பாலாவும் தேனி மாவட்டத்துக்காரர்தான். பாலு மகேந்திராவிடம் பாடம் படித்துவிட்டு 1999-ல் 'சேது'வோடு வந்தார். அதன் ஹீரோ விக்ரமோ 1990 முதலே நடித்துக்கொண்டிருந்தார். பெயர் வாங்க ஒன்பது வருஷம்!

அதே பாலாவின் 'தாரை தப்பட்டை' இளையராஜாவுக்கு எத்தனையாவது படம் தெரியுமா? ஆயிரமாவது! பின்னணி இசைக்குத் தேசிய விருதும் வந்தது!

இளையராஜாவுக்கு முதல் படம் வெளியானபோது வயது 32. மகன் யுவன் சங்கர் ராஜாவுக்கு 1997-ல் 'அரவிந்தன்' வெளியானபோது 17! ஒரே வீட்டில் இரண்டு வழி!

2025 மார்ச் 8. இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அன்று அவருக்கு வயது 81!