ஒரே கார், இரண்டு வெற்றிகள்

பழைய நெடுநேரப் பந்தயக் கார்களைச் சிறு மாதிரிகளாகச் செய்வோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்தக் கார் என்பதைவிட, எந்த நாளில் இருந்த கார் என்பதே. பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை 1968, 1969 ஆகிய இரு ஆண்டுகளிலும் வென்ற ஃபோர்டு ஜிடி40 இதற்குத் தக்க சான்று. 1075 என்ற சேஸி எண், அதாவது அடிச்சட்டத்துக்குரிய அடையாள எண், கொண்ட அதே காரை முதல் ஆண்டில் 9ஆம் எண்ணுடன் பெத்ரோ ரோட்ரிகஸும் லூசியன் பியாங்கியும், அடுத்த ஆண்டில் 6ஆம் எண்ணுடன் ஜாக்கி இக்ஸும் ஜாக்கி ஆலிவரும் ஓட்டினர்.

கல்ஃப் எண்ணெய் நிறுவனத்தின் வெளிர்நீலமும் ஆரஞ்சுப் பட்டையும் இரு ஆண்டுகளுக்கும் பொது என்பதால், எண்ணை மட்டும் மாற்றி ஒட்டினால் போதும் என்று கருதுவது பெரும்பிழை. பந்தயக் கார் பயிற்சி ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் இடையிலேயே மாறக்கூடியது. காட்சியகத்தில் நிற்பதோ பின்னாளில் புதுப்பிக்கப்பட்டதாக இருக்கலாம். ஆகவே, அந்தப் பந்தயத்தின்போதே எடுத்த நிழற்படங்களே முதன்மைச் சான்று. அவற்றிலும் இடப்புறத்தைப் பார்த்து வலப்புறத்தை ஊகிக்கலாகாது.

ஜிடி40 என்ற பெயரிலுள்ள 40, காரின் உயரம் ஏறத்தாழ 40 அங்குலம் என்பதைக் குறிப்பது. 24இல் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியில் அது 4 செ.மீ.க்குச் சற்றே மேல்; அங்கு நேரும் அரை மில்லிமீட்டர் பிழை உண்மைக் காரில் 12 மில்லிமீட்டருக்குச் சமம். அளவைப் போலவே தோற்றத்திலும் கவனம் வேண்டும்: 1969இல் ஹான்ஸ் ஹெர்மான் ஓட்டிய போர்ஷேயை ஏறத்தாழ 120 மீட்டர் இடைவெளியில் வென்ற கார், ஒரு முழு நாளின் புழுதியையும் எண்ணெய்க் கறையையும் சுமந்திருந்தது. பளபளக்கும் மாதிரி தொடக்கக் கோட்டுக்கே உரியது.