மின்கம்பி வராத வீட்டுக்கு எத்தனை யூனிட்?

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் கன்னியாகுமரி மாவட்டத்தைத் தாக்கியது. ரப்பர் மரங்களும் தென்னைகளும் முறிந்து மின்கம்பிகளின்மீது விழுந்தன, கம்பங்கள் சாய்ந்தன. மார்த்தாண்டம் சுற்றுவட்டாரத்தில் பல நாள் மின்சாரம் இல்லை. கிணற்றில் நீர் இருந்தது. அதை மேலேற்ற வழியில்லை. இத்தனைக்கும் மலையில் கோதையாற்று நீர்மின் நிலையமும், கிழக்கே ஆரல்வாய்மொழி, முப்பந்தல் காற்றாலைகளும் இருக்கின்றன. உற்பத்தி அருகிலேயே நடந்தாலும், கம்பி அறுந்தால் வீடு இருட்டுதான்.

கம்பியை நம்பாமல் சூரிய ஒளியைக்கொண்டு வாழ விரும்பும் ஒரு குடும்பத்திற்கு எவ்வளவு மின்னாற்றல் வேண்டும்? இதைக் கணக்கிடப் பெருக்கல் தெரிந்தால் போதும். ஆனால் வாட் வேறு, யூனிட் வேறு என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். குழாயிலிருந்து நீர் விழும் வேகம் போன்றது வாட். தொட்டியில் சேர்ந்த நீரின் அளவு போன்றது யூனிட். 1000 வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் 1 யூனிட், அதாவது 1000 வாட்-மணி.

ஒரு சிறு வீட்டை எடுத்துக்கொள்வோம். 9 வாட் எல்.இ.டி. விளக்குகள் ஐந்து, நாளுக்கு 5 மணி நேரம் எரிந்தால் 225 வாட்-மணி. 75 வாட் மின்விசிறி இரண்டு, 8 மணி நேரம் சுழன்றால் 1200. 50 வாட் தொலைக்காட்சிப் பெட்டி 4 மணிக்கு 200. 500 வாட் மிக்சி கால் மணிக்கு 125. கைப்பேசிகளுக்கு 50. மொத்தம் 1800.

மிக்சியின் இரைச்சலைக் கேட்டு அதுவே மின்சாரத்தை விழுங்குகிறது என்று எண்ணுவோர் உண்டு. உண்மையில் சத்தமின்றிச் சுழலும் விசிறியே மூன்றில் இரண்டு பங்கைத் தின்கிறது! அதற்குப் பதில் 30 வாட் பி.எல்.டி.சி. விசிறிகளை மாட்டினால் 1200 என்பது 480 ஆகும். மொத்தம் 1080-க்கு இறங்கும். கூடுதல் பலகை வாங்குமுன் விசிறியை மாற்றுவதே புத்திசாலித்தனம். இஸ்திரிப் பெட்டி, வெந்நீர்க் கருவி போன்ற சூடாக்கும் சாதனங்களை இக்கணக்கில் சேர்க்காதிருப்பதே நல்லது.

1080 கிடைக்க 1080 உற்பத்தி செய்தால் போதாது. சேமக்கலத்திலும் இன்வெர்ட்டரிலும் கம்பியிலும் சுமார் 30 விழுக்காடு வீணாகும் எனக் கொண்டால், 1080-ஐ 0.7-ஆல் வகுக்க, ஏறத்தாழ 1540 வருகிறது. நாளுக்கு 5 மணி முழு வெயிலுக்கு ஈடான ஒளி கிடைத்தால் சுமார் 310 வாட் பலகை போதும். ஆனால் குமரி மாவட்டத்திற்குத் தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் உண்டு. எனவே இங்கே 3 மணி என்று கொள்வதே பத்திரம். அப்போது 500 வாட்டுக்குச் சற்று மேல் தேவை. கோடை வெயிலைப் பார்த்துக் கணக்கிட்டவர் ஆனி மாதத்தில் மெழுகுவர்த்தி தேட நேரும்.

வெயிலே இல்லாத இரண்டு நாளைச் சமாளிக்க 2160 வாட்-மணி வேண்டும்; இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்தால் 2400. ஈய-அமிலச் சேமக்கலத்தைப் பாதிக்குமேல் காலி செய்தால் அதன் ஆயுள் குறையும். ஆகவே கொள்ளளவு 4800 ஆக இருக்க வேண்டும்: 12 வோல்ட், 200 ஆம்பியர்-மணிச் சேமக்கலம் இரண்டு.

இனிக் கிணற்று மோட்டார். 1 குதிரைத்திறன் மோட்டார் சுமார் 1000 வாட் இழுக்கும். அரைமணி ஓடினால் அரை யூனிட்தான். தொல்லை அதன் தொடக்கத்தில் இருக்கிறது. புறப்படும் கணத்தில் அது வழக்கத்தைப்போல் பல மடங்கு மின்னோட்டத்தைக் கேட்கும். விளக்குக்கும் விசிறிக்கும் மிக்சிக்கும் போதுமான 1000 வாட் இன்வெர்ட்டர் அங்கே திணறிவிடும். மோட்டாருக்கென இன்வெர்ட்டரையும் பலகையையும் பெரிதாக்குவோர், அதை உச்சிவெயிலில் ஓட்டி மாடித் தொட்டியை நிரப்பிக்கொள்ளலாம். இரவுக்கு வேண்டிய நீரைச் சேமக்கலத்தின் துணையின்றியே சேமித்தாயிற்று.

பலகையை மாட்டுமுன் கூரையில் காலை முதல் மாலை வரை நிழல் நகர்வதைக் கவனியுங்கள். ஒரு தென்னோலையின் நிழல் பலகையின் ஓரத்தில் விழுந்தாலும் உற்பத்தி வெகுவாகச் சரியும். அதன் சில்லுகள் தொடராக இணைக்கப்பட்டிருப்பதே காரணம்.