பெயரே வினையான கதை

ஆங்கிலச் செய்திகளில் அடிக்கடி அடிபடும் வினைச்சொற்களுள் ‘பொய்கொட்’ என்பதும் ஒன்று. தமிழில் இதனைப் ‘பகிஷ்கரித்தல்’ என்கிறோம். இச்சொல் கிரேக்கத்திலிருந்தோ இலத்தீனிலிருந்தோ வந்ததன்று. அது ஒரு மனிதரின் பெயர்.

சார்ள்ஸ் கனிங்ஹாம் பொய்கொட் 1832ஆம் ஆண்டில் இங்கிலாந்திற் பிறந்தவர். சில காலம் படையிற் பணியாற்றியபின், அயர்லாந்தின் மேயோ பகுதியில் ஏர்ண் பிரபுவின் காணிகளை மேற்பார்வை செய்து குத்தகை அறவிட்டு வந்தார். 1880ஆம் ஆண்டில் குடியானவர்கள், குத்தகையை நூற்றுக்கு 25 வீதம் குறைக்குமாறு வேண்டினர். பிரபுவோ 10 வீதமே குறைக்க உடன்பட்டார். செலுத்த மறுத்தோரை நிலத்தைவிட்டு வெளியேற்ற முனைந்தார் பொய்கொட்.

அவ்வாண்டு செப்டெம்பரில், ஐரிஷ் தலைவர் பார்ணல் எனிஸ் நகரில் மக்களுக்கு ஒரு வழி கூறியிருந்தார். வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை வாங்குவோனைக் கொல்ல வேண்டாம். தெருவிலும் கடையிலும் கோவிலிலும் அவனோடு பேசாது ஒதுக்கிவிடுங்கள் என்பதே அது. மேயோ மக்கள் அவ்வழியைப் பொய்கொட் மீது கையாண்டனர். வேலையாட்கள் விலகினர், கடைக்காரர் பொருள் விற்க மறுத்தனர். பயிரை அறுவடை செய்ய வெளியூரிலிருந்து 50 பேர் வந்தனர். அவர்களைக் காக்க ஏறக்குறைய ஆயிரம் படையினரும் பொலிசாரும் வந்தனர். சுமார் 500 பவுண் பெறுமதியான விளைவைக் காப்பதற்கு 10,000 பவுண் வரையிற் செலவாயிற்று என்பர். டிசம்பரில் பொய்கொட் அயர்லாந்தை விட்டு அகன்றார்.

இச்செயலுக்குப் பெயர் சூட்டியவர் ஓமாலி என்னும் கத்தோலிக்க குருவானவர் என அமெரிக்கப் பத்திரிகையாளர் றெட்பாத் எழுதியுள்ளார். வழக்கிலிருந்த ஆங்கிலச் சொல் பாமரருக்கு விளங்காதென எண்ணி, அவர் காணி மேற்பார்வையாளரின் பெயரையே வினையாக்கினாராம். விரைவில் பிரெஞ்சு, ஜெர்மன், ருஷிய மொழிகளும் அதனை ஏற்றுக்கொண்டன.

சொல்லின் பொருளெல்லையை நாம் மறத்தலாகாது. பிடிக்காத கடைக்கு ஒருவர் போகாதிருப்பது வெறும் தவிர்த்தலே. கண்டனம் தெரிவிக்கும் நோக்குடன், பெரும்பாலும் பலர் கூடி ஒதுக்குவதே ‘பொய்கொட்’. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸின் அழைப்பை ஏற்று 1931ஆம் ஆண்டு அரசாங்க சபைத் தேர்தலில் யாழ்ப்பாணத்தார் வேட்பாளரை நிறுத்தாது விட்டமை இதற்குத் தக்க சான்று. டொனமூர் திட்டம் முழுமையான சுயாட்சி தரவில்லை என்பதே அவர்கள் கண்டனம்.

ஆயினும், நம் ஊர்களில் வலியோர் கூடி ஓர் எளிய குடும்பத்துக்குத் தண்ணீரையும் பேச்சையும் மறுத்து ஊர்விலக்குச் செய்த கதைகளும் உண்டு. அதனையும் ஆங்கிலம் இதே சொல்லாற் குறிக்கும். எளியோர் வலியோர்மீது தொடுத்தால் அது அறப்போர். வலியோர் எளியோர்மீது தொடுத்தால் அது கொடுமை. சொல் இரண்டுக்கும் ஒன்றே. எது எதுவெனப் பகுத்தறியும் பொறுப்பு அதனைக் கையாள்வோருடையது.