சத்து மாத்திரை மட்டும் போதுமா?

கிறிஸ்துவுக்குள் அன்பான ஜெபப் பங்காளர்களே,

எச்.ஐ.வி. நோயாளிகளைத் தாங்கி வரும் உங்களில் பலர், "அவர்களுக்குச் சத்து மாத்திரையும் டானிக்கும் வாங்கி அனுப்பலாமா?" என்று கேட்கிறீர்கள். அன்பிலிருந்து எழும் கேள்வி இது. தெளிவான பதில் தருவது எங்கள் கடமை.

இந்தக் கிருமி, சரீரத்தைக் காவல் காக்கும் சிடி4 என்னும் வெள்ளணுக்களை அழிக்கிறது. அந்த அணுக்கள் உருவாகவும் வேலை செய்யவும் துத்தநாகம், செலினியம், இரும்பு, வைட்டமின்கள் ஆகியவை சிறிதளவாவது தேவை. நோயாளிக்கோ வாய்ப்புண்ணால் சாப்பிட முடிவதில்லை. சாப்பிட்டதும் வயிற்றுப்போக்கினால் உடலில் சேருவதில்லை. சத்துக் குறைய எதிர்ப்புச் சக்தி குறைகிறது. அது குறைய வேறு நோய்கள் வந்து மிச்சச் சத்தையும் தின்றுவிடுகின்றன.

அப்படியானால் மாத்திரையால் ஈடுகட்டலாமே? தான்சானியாவின் தார் எஸ் சலாம் நகரில் 1995 முதல், எச்.ஐ.வி. உள்ள 1,078 கர்ப்பிணிகளிடம் இதை ஆராய்ந்தார்கள். பி, சி, இ வைட்டமின்கள் நோய் முற்றுவதைத் தாமதப்படுத்தின, நோயை நிறுத்தவில்லை. வைட்டமின் ஏ பெற்ற தாய்மாரிடமிருந்து பிள்ளைகளுக்குக் கிருமி பரவுவது கூடியது. பின்பு அதே நாட்டில் ஏ.ஆர்.டி. சிகிச்சை தொடங்கிய 3,418 பேரிடம் நடந்த ஆய்வு 2012-ல் வெளியாயிற்று. அதிக அளவு வைட்டமின், சாதாரண அளவைவிட நன்மை தரவில்லை. ஈரல் பாதிப்பின் அறிகுறியே கூடியது.

கிருமியை அடக்குவது ஏ.ஆர்.டி. மருந்தே. இந்திய அரசு 2004 முதல் அதை இலவசமாய்க் கொடுக்கிறது. டானிக்கை நம்பி அதை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. மேலும் டோலுடெக்ராவிர் மருந்தோடு இரும்பு, கால்சியம் மாத்திரைகளை வெறும் வயிற்றில் விழுங்கினால் மருந்தின் பலன் குறையும். ஆகவே மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. மருந்து இலவசம், சோறு இலவசமல்ல. அறிகுறி இல்லாத நோயாளிக்கே வழக்கத்தைவிடச் சுமார் 10 சதவீதம் அதிக உணவு தேவை. நோய்ப்பட்டவருக்கு 20 முதல் 30 சதவீதம் தேவை. கூலிவேலைக்குப் போக முடியாதவர் வீட்டில் அது எங்கிருந்து வரும்? முட்டை, பயறு, கடலை, கேழ்வரகு, முருங்கைக்கீரை, கொய்யாப்பழம்: உங்கள் காணிக்கை இவைகளாய் அந்த வீடு சேரட்டும்.

சூரைச்செடியின் கீழே சோர்ந்து படுத்த எலியாவுக்குத் தேவதூதன் முதலில் கொடுத்தது அடையும் தண்ணீருமே. நீங்களும் கொடுங்கள். கூடுமானால் அவர்களோடு உட்கார்ந்து சாப்பிடுங்கள். ஒரே தட்டில் உண்டாலும் இந்நோய் பரவாது.

கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பாராக.

கிறிஸ்துவின் பணியில்,
மருத்துவமனைப் போதகர்