இளங்காற்றும் படகின் வயிறும்

கடலில் காற்று ஏறக்குறைய அடங்கிவிட்ட நேரம். எல்லாப் பாய்களிலும் படுவது அதே மெல்லிய மூச்சுதான். ஆனாலும் ஒரு படகு நழுவி முன்னேறும். பக்கத்துப் படகு நகரவே நகராது. பாயை ஆளும் திறமைக்கு இதில் பங்குண்டு. மீதிக் காரணம் நீருக்கடியில், படகின் வயிற்றில் இருக்கிறது.

ஓடும் படகை நீர் முக்கியமாக இரண்டு விதமாகப் பிடித்து இழுக்கிறது. உடலை ஒட்டிய நீர்ப்படலம் படகோடு சேர்ந்தே வருகிறது. அடுத்தடுத்த படலங்களையும் அது இழுக்கிறது. இந்த உராய்வு, நனைந்த பரப்பு கூடக்கூடக் கூடும். மற்றது, படகு தானே எழுப்பும் அலை. வேகம் குறைவாக இருக்கும்வரை அலை பொருட்டே இல்லை, உராய்வுதான் எல்லாம். வேகம் ஏறினால் அலைத்தடை மளமளவென்று வளர்ந்துவிடும்.

இந்த உண்மைக்கு முதலில் உருவம் கொடுத்தவர் ஆங்கிலேயப் பொறியாளர் வில்லியம் ஃப்ரூட். 1860களில் டார்ட் ஆற்றில் இரண்டு வகை மாதிரிக் கலங்களை இழுத்துப் பார்த்தார். கூர்முனை கொண்டது ரேவன், மழுங்கிய முனை கொண்டது ஸ்வான். மெதுவாக இழுத்தால் ரேவனுக்குத் தடை குறைவு. வேகத்தைக் கூட்டியதும் ஸ்வான் முந்தியது. எல்லா வேகத்துக்கும் சிறந்த வடிவம் என்று ஒன்று இல்லை! பிறகு டார்க்கீயில் தொட்டி கட்டி, வார்னிஷ் பூசியது, துணி ஒட்டியது, மணல் ஒட்டியது எனப் பலகைகளை நீரில் இழுத்து உராய்வை மட்டும் தனியே அளந்தார். அந்தப் பொறுமைக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம்.

ஒரே எடையைத் தாங்க, அரைவட்ட வயிற்றுக்கு மிகக் குறைந்த நனைபரப்பு போதும். தட்டையான அகல வயிறு அதிகம் நனையும். ஆனால் பலத்த காற்றில் நீர்மேல் ஏறிச் சறுக்க அதுதான் வேண்டும். வடிவமைப்பாளர் ஏதோ ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் சென்னையின் நேத்ரா குமணன் ஓட்டிய லேசர் வகைப் படகு, 4.2 மீட்டர் நீளமும் 59 கிலோ எடையும் கொண்டது. பந்தயத்தில் எல்லாருக்கும் ஒரே அச்சு வடிவம், மாற்ற அனுமதி இல்லை. ஆனால் நீருக்குள் இருக்கும் வடிவத்தை மாற்றலாமே! காற்று தளர்ந்ததும் ஓட்டுபவர் படகின் முன்பகுதியான அணியத்தை நோக்கி நகர்கிறார்; பின்பகுதியான தட்டை அமரம் நீரைவிட்டு எழ, அதன் பின்னே சுழன்று இழுபட்ட நீர் விலகுகிறது. பிறகு படகைக் காற்று போகும் பக்கமாகச் சற்றே சாய்க்கிறார். தட்டை வயிற்றின் ஒரு பாதி வெளியே வந்து நனைபரப்பு சுருங்குகிறது. தன் எடையாலேயே பாயும் தொங்கி, வேண்டிய வளைவைப் பெறுகிறது. இவ்வளவையும் அசைவே தெரியாமல் செய்யவேண்டும், ஒரு குலுக்கலில் பாயைத் தழுவும் காற்றோட்டம் அறுந்துபோகும்.

சாய்வு மிஞ்சினால் படகு காற்று வரும் திசைக்குத் திரும்பப் பார்க்கும். சுக்கானால் அதைத் தடுத்தால், அந்தச் சுக்கானே புதிய தடை.